உடைந்ததாம்: தாம்பரம் வட்டாரத்தில் செய்திமூலம் தேடிய வரலாறு

தமிழில் ஒரு வினைமுற்றின் இறுதியில் 'ஆம்' என்னும் இடைச்சொல் சேரும்போது, சொல்பவர் அந்நிகழ்ச்சியை நேரில் கண்டவர் அல்லர், பிறர் சொல்லக் கேட்டவர் என்பது வேறு விளக்கம் ஏதுமின்றியே புலப்பட்டுவிடும். 'ஏரி உடைந்தது' என்பவர் கரையில் நின்று பார்த்திருக்க வேண்டும். 'ஏரி உடைந்ததாம்' என்பவர் தெருமுனையில் கேட்டதைத் திண்ணையில் இறக்கி வைக்கிறார். இலக்கண நூலாசிரியர்கள் முன்னோர் கருத்தை எடுத்துரைக்கும்போது 'என்ப' என்று முடித்ததும் இதே ஒழுங்கைச் சேர்ந்ததுதான். சொல்லின் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்பதைச் சொல்லுக்குள்ளேயே முடிந்து வைக்கும் வழக்கம் அது. வதந்தி என்னும் வடசொல்லுக்கோ 'சொல்கிறார்கள்' என்பதற்குமேல் நேர்ப்பொருள் இல்லை. சொல்கிறவர் யார் என்ற இடம் அதில் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. தாம்பரத்தை நடுவாகக் கொண்டு வண்டலூர், முடிச்சூர், பல்லாவரம், பள்ளிக்கரணை எனப் பரந்து கிடக்கும் தென்சென்னைப் புறநகரில் ஆபத்துக் காலச் செய்திகள் எவ்வாறு பரவின, எவ்வாறு சரிபார்க்கப்பட்டன என்று ஆராய்வோருக்கு, அந்தச் சிறிய 'ஆம்' வழியில் எங்கெங்கே உதிர்ந்தது என்பதே வரலாறாக அமைகிறது.

இவ்வட்டாரம் ஏரிகளால் ஆனது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று அழைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. ஓர் ஏரி நிரம்பியதும் அதன் கலங்கல் வழியே, அதாவது மிகைநீர் தானாக வழிந்தோடும்படி கரையின் ஓரிடத்தில் தாழ்வாகக் கட்டப்பட்ட கல்தளத்தின் வழியே, நீர் வெளியேறி அடுத்த ஏரிக்குச் சேரும். இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கும் ஏரிகளைச் சங்கிலித்தொடர் ஏரிகள் என்பர். சேலையூர் ஏரியின் மிகைநீர் இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவின் வழியே கடலை நோக்கிச் செல்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய அமைப்பில் மேலேரி ஒன்றின் கரை உடைந்தால் கீழேரிக்காரர்களுக்குக் கிடைக்கும் அவகாசம் சில மணிநேரமே ஆதலால், உடைப்புச் செய்தியை அலட்சியப்படுத்தவும் முடியாது, கேட்ட மாத்திரத்தில் நம்பி ஊரைக் காலி செய்யவும் முடியாது. நெல் களத்தில் கிடக்கும். மாடு தொழுவத்தில் நிற்கும்.

அந்நெருக்கடிக்குப் பழைய ஊர்கள் கண்ட தீர்வு எளியது: ஓர் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வருவான். மதகைத் திறந்து மூடி வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பை ஏற்ற நீர்க்கட்டியும், ஊர்க்காவல் செய்த தலையாரியும் மழை இரவுகளில் கரைமீது நடந்து, கசிவு எங்கே, கரைச்சரிவு எங்கே, கலங்கலில் எத்தனை சாண் நீர் வழிகிறது என்று அறிந்து வந்து சொல்வது அவர்கள் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. தாம்பரத்துக்குத் தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற தனிக்குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறைக்காகவே அக்கல்வெட்டுகள் பெரிதும் பேசப்பட்டாலும், ஏரியைப் பற்றி அறிவதும் அறிவிப்பதும் பெயர் தெரிந்த சிலரது பொறுப்பு என்று எழுத்தில் வைத்ததும் அவற்றின் சிறப்பே ஆகும்.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் என்ற பெயர் வழங்கக் காரணமான கதையையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர் நிலப்பகுதிக்கு 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், மழைதோறும் உடைந்த அவ்வேரியின் கரையைச் செப்பனிட்டபின், பெருமழை பெய்த ஓர் இரவில் தாமே கரைக்குச் சென்று பார்த்தபோது, வில்லேந்திய இருவர் காவல் நிற்கக் கண்டதாகவும், கரை உடையாமல் நின்றதற்கு நன்றியாகத் தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்ததாகவும் அவ்வூர் மரபு கூறுகிறது. வில்லேந்திய இருவரை வரலாற்றாசிரியர் பக்தர்களிடமே விட்டுவிடலாம். ஆயினும் மாவட்டத்தின் தலைமை அலுவலரே இரவில், மழையில், கரைவரை போய்ப் பார்த்தாலொழிய ஏரியின் நிலை தெரியாது என்பதை அக்கதை இயல்பான ஒன்றாக எடுத்துக்கொள்கிறது. கதை கேட்ட எவருக்கும் அது வியப்பாகப் படவில்லை.

கண்டு வந்த செய்தி ஊருக்குள் பரவிய வழி தண்டோரா. 'இதனால் சகலமானவர்களுக்கும்' என்று தொடங்கும் அவ்வறிவிப்பு, அறிவிப்பவரது சொந்தப் பேச்சாக ஒருநாளும் இருந்ததில்லை. தாசில்தார் உத்தரவு, பஞ்சாயத்து முடிவு என்று ஆணையின் மூலத்தைச் சுமந்தே அது தெருத்தெருவாகச் சென்றது. அச்சுமையைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதையும், அவ்வழக்கம் இழிவானது என்று கருதித் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் 2022 ஆகஸ்டில் அதைத் தடை செய்யுமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு அறிவுறுத்தினார் என்பதையும் சொல்லாமல் அதன் சிறப்பை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

நகரத்துத் துறைமுகத்தில் இதே பணியை வேறு விதமாகச் செய்தது புயல் எச்சரிக்கைக் கூண்டு. செய்தித்தாள் படிக்கும் தமிழர் எவருக்கும் பழகிப்போன சொல் இது: கொடிமரத்தில் ஏற்றப்படும் குறியீடு 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டிருக்கும், தொலைவில் உருவாகும் புயலைச் சிறிய எண்களும், துறைமுகத்தைக் கடக்கவிருக்கும் கடும்புயலைப் பெரிய எண்களும் உணர்த்தும். எண் ஏற ஏற ஆபத்து ஏறுகிறது என்று பொதுவாக நினைப்பதுண்டு. பதினொன்றாம் எண்ணுக்கு மட்டும் அது பொருந்தாது. வானிலை எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆபத்து இருப்பதாக உள்ளூர் அலுவலர் தாமே கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தியின் மூலம் கைக்கு எட்டவில்லை என்பதையே ஒரு செய்தியாக வெளிப்படையாய் அறிவிக்கும் அக்கூண்டு, அரசுக் குறியீடுகளுள் 'ஆம்' விகுதிக்கு மிக நெருங்கிய உறவு. அலுவலகத் தமிழில் அவ்வளவு நேர்மை அரிது. செய்தித்தாள்களின் 'கூறப்படுகிறது' அதன் அருகில் நிற்காது.

இருபதாம் நூற்றாண்டில் செய்திக்கும் அதன் மூலத்துக்கும் இடையிலான தொலைவு, நடந்து போய்ப் பார்க்கும் எல்லையைத் தாண்டிவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் சென்னைத் துறைமுக எண்ணெய்க் கிடங்குகளின்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டுவிட்டு மறைந்தபோது, வந்தது உண்மை; அது மீண்டும் வரப்போகிறது என்பது அச்சம். அவ்வச்சமே ஆயிரக்கணக்கானோரை நகரைவிட்டு வெளியேற்றியது; எம்டன் திரும்பி வரவில்லை, அதன் பெயர் மட்டும் பொல்லாத ஆளைக் குறிக்கும் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது.

1942 ஏப்ரலில் நிகழ்ந்தது இதனினும் பெரியது. அம்மாதம் 5 ஆம் நாள் கொழும்பும், 6 ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 ஆம் நாள் திரிகோணமலையும் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்த நிலையில், சென்னையை நோக்கிப் படையெடுப்பு வரக்கூடும் என்ற இராணுவத் தகவலை நம்பிய மாகாண அரசு தன் அலுவலகங்களில் பெரும்பாலானவற்றை உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றியதுடன், இன்றியமையாத பணி இல்லாதோர் நகரை விட்டுச் செல்லுமாறும் சொல்லிற்று. எழும்பூரிலிருந்து தெற்கே சென்ற வண்டிகள் அனைத்தும் தாம்பரத்தைக் கடந்தே சென்றன. 1931 இல் மின்மயமாக்கப்பட்ட கடற்கரை – தாம்பரம் பாதையும், 1937 இல் நகரிலிருந்து இங்கு இடம்பெயர்ந்த கிறித்தவக் கல்லூரியும் அன்று இவ்வூருக்குப் புதியவை. நகர மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி முதலியன குண்டுவீச்சின்போது தப்பி வெளியேறிவிடக்கூடும் என்றஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியப் படை சென்னையில் தரையிறங்கவே இல்லை. தெருமுனைப் பேச்சு எதுவும் அவ்விலங்குகளைக் கொல்லவில்லை. முத்திரையிட்ட உறையில் வந்த தகவல் கொன்றது. வதந்தி என்றாலே பாமரரின் குற்றம் என்று எழுதிப் பழகியவர்கள் இந்நிகழ்ச்சியைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். அக்காட்சி சாலை பின்னாளில் இடம்பெயர்ந்து, 1985 இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

அரசே மூலத்தைச் சரிபார்க்கத் தவறிய இன்னொரு நாள் 2004 டிசம்பர் 30. ஆழிப்பேரலை அடித்து நான்கே நாள் கடந்திருந்த அன்று, மீண்டும் பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை அமைச்சகம் கடலோர மாநிலங்களுக்கு எச்சரிக்கை விடுத்ததும், சென்னை முதல் நாகப்பட்டினம் வரை கரையோர மக்களும் நிவாரணப் பணியில் இருந்தோரும் உள்நாட்டை நோக்கி ஓடினர். அவ்வெச்சரிக்கைக்கு அடிப்படை, நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்க வல்லதாகச் சொல்லிக்கொண்ட ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் கூற்று என்பது விரைவில் தெரியவந்தது. அறிவியல் துறை அமைச்சர் கபில் சிபல் அதை ஆதாரமற்றது என்று அன்றே தள்ளினார். ஓர் அமைச்சகம் சொன்னதை மற்றோர் அமைச்சர் மறுக்க, இடையில் நின்ற மீனவர் எதை நம்புவது?

அந்த இழுக்கிலிருந்து நாடு கற்ற பாடத்தின் ஒரு பகுதி தாம்பரத்துக்கு அருகிலேயே உருவானது. வேளச்சேரி – தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், ஆழ்கடல் தரையில் அமர்த்தப்படும் அழுத்தப் பதிவுக் கருவிகளையும் அவற்றோடு ஒலியலைகளால் பேசும் மிதவைகளையும் வங்கக் கடலில் நிறுவும் பொறுப்பை ஏற்றது. பேரலை நடுக்கடலில் செல்லும்போது கண்ணுக்குத் தெரியும் உயரம் எதையும் எழுப்புவதில்லை. மேலே நீர்த்தம்பம் கூடுவதால் அடித்தரையில் ஏற்படும் நுண்ணிய அழுத்த மாற்றமே அது கடந்து போனதற்குச் சான்று. ஆறு கிலோமீட்டர் ஆழத்திலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நீர்மட்டம் மாறுவதை அக்கருவி உணர்ந்து, செயற்கைக்கோள் வழியே கரைக்குச் சொல்லிவிடும். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இத்தகைய கருவிகளைக் கொண்டே முடிவெடுக்கிறது. நீர்க்கட்டி கரைமீது நடந்து செய்த வேலையைக் கடலுக்கடியில் உட்கார்ந்து செய்யும் நீர்க்கட்டி அது என்றாலும் தகும். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது, சென்னையில் அலுவலகங்கள் காலியாகிக் கடற்கரை வெறிச்சோடினாலும், பேரலை எழவில்லை என்பதைக் கடல்மட்ட அளவுகள் காட்டியதும் எச்சரிக்கை சில மணிநேரத்திலேயே முறைப்படி விலக்கப்பட்டது. எட்டாண்டுக்கு முன் ஒரு கூற்றின்மீது நின்ற எச்சரிக்கை, அன்று அளவீட்டின்மீது நின்றது.

இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையே, 2005 டிசம்பர் 18 அன்று, சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கன் வழங்கவிருந்த மாநகராட்சிப் பள்ளி வாசலில் விடியுமுன் கூடிய கூட்டம் நெரிந்து 42 பேர் இறந்தனர். அன்றோடு டோக்கன் முடிகிறது என்ற பேச்சு முந்தைய நாளே பரவியிருந்தது. அது பொய்.

2015 இன் மழை இவ்வரலாற்றின் நடுப்பகுதி. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் மழை பதிவானது. நவம்பர் நடுவிலேயே முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் படகு விட்டாயிற்று. மின்சாரம் நின்றது, கைப்பேசிக் கோபுரங்கள் பல ஓய்ந்தன, மீனம்பாக்கம் விமான நிலையத்தின் ஓடுபாதை நீரில் மூழ்கியது. தாம்பரத்துக்குத் தெற்கே மறைமலை நகரில் உள்ள அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் வந்து சேர முடியாமற்போனதால், 1878 இல் தொடங்கப்பட்ட 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு டிசம்பர் 2 அன்று வெளிவரவில்லை. அதன் வரலாற்றில் இவ்வாறு நேர்ந்தது அதுவே முதன்முறை என்று அப்போது சொல்லப்பட்டது. மக்களுக்குச் செய்தி மிகவும் வேண்டியிருந்த காலையில் வாசலில் செய்தித்தாள் விழவில்லை. அவ்விடத்தைக் கைமாறிக் கைமாறி வந்த வாட்ஸ்அப் குறுஞ்செய்திகள் நிரப்பின. வரலாறு காணாத மழை வரப்போகிறது என்று நாசா சொல்லியிருப்பதாக ஒன்று. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று மற்றொன்று. அப்போது மண்டல வானிலை மையத்தின் புயல் எச்சரிக்கைப் பிரிவின் இயக்குநராக இருந்த ரமணன் தொலைக்காட்சியிலும், தனி ஆர்வலராக வானிலை எழுதிவந்த பிரதீப் ஜான் தம் முகநூல் பக்கத்திலும் முன்னதை மறுத்துக்கொண்டே இருந்தனர். பின்னதைப் பொதுப்பணித் துறை மறுத்தது. ஆனால் நம்ப மறுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது.

காரணம், ஏரி உடையவில்லை என்பது எவ்வளவு உண்மையோ, ஏரி திறக்கப்பட்டது என்பதும் அவ்வளவு உண்மை. 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவும் உடைய செம்பரம்பாக்கத்திலிருந்து டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் வெளியேற்றப்பட்டது. கனஅடி என்பது ஓரடி நீளம், அகலம், உயரம் கொண்ட கொள்ளளவு, ஏறத்தாழ 28 லிட்டர். வினாடிக்கு 29,000 கனஅடி என்றால் ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ எட்டு இலட்சம் லிட்டர். அடையாற்றின் கரையில் குடியிருந்தவருக்கு அந்த எண்ணைச் சொன்னால் அதன் பொருள் விளங்காமல் போகலாம். எந்தத் தெருவரை நீர் வரும், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும். அன்றைய நீர் வெளியேற்றத்தைக் கையாண்ட முறையை 2018 இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை கடுமையாகக் குறை கூறியது. உண்மையைச் சொல்ல வேண்டியவர் தாமதித்த இடைவெளியில், வீட்டுக்குள் இடுப்பளவு நீரோடு நின்றவர் 'உடைந்தது' என்று சொன்னதும், அவரிடமிருந்து கேட்டவர் 'ஆம்' சேர்க்காமலே அடுத்தவருக்கு அனுப்பியதும் நிகழ்ந்தன. அன்று பரவிய செய்திகளுள் பெரும்பாலானவை இவ்வகையே என்பது இக்கட்டுரையின் கணிப்பு. கெட்ட எண்ணத்துடன் கட்டப்பட்டவை சில இருந்திருக்கலாம்.

எனினும் தாம்பரத்தைப் பொறுத்தவரை அச்செய்தியில் வேறொரு பிழையும் இருந்தது. அதைப் பிடிக்க வானிலை அறிவு தேவையில்லை, ஆற்றின் போக்குத் தெரிந்தால் போதும். அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் மிகைநீரைக் கொண்டு தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியே வடக்கு நோக்கி வருகிறது. செம்பரம்பாக்கத்தின் மிகைநீர்க் கால்வாயோ குன்றத்தூர்ப் பக்கமாக வந்து திருநீர்மலைக்கு அருகில்தான் ஆற்றில் கலக்கிறது. ஆகவே முடிச்சூர் அக்கூடலுக்கு மேலே இருக்கிறது. செம்பரம்பாக்கத்து நீர் முடிச்சூரைக் கடந்து செல்வதே இல்லை. மேற்குத் தாம்பரத்துத் தெருக்களை மூழ்கடித்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குச் செம்பரம்பாக்கம் என்ற பெயர் பெற்ற பெரிய விடை தயாராகக் கிடைத்துவிட்டதால், ஆதனூர், மணிமங்கலம் போன்ற சிற்றேரிகள் எவர் வாயிலும் வரவில்லை. நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று பழமொழி தடுத்தாலும், நதிமூலம் பார்க்காமல் இவ்வூரில் செய்திமூலம் பார்க்க வழியில்லை.

அதே மழைக்காலத்தில் கிளம்பிய இன்னொரு செய்தி முதலைகளைப் பற்றியது. 1976 இல் ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெள்ளத்தில் தப்பிவிட்டன என்று வாட்ஸ்அப்பில் பரவ, பண்ணையினர் ஒன்றும் தப்பவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. எட்டு ஆண்டுகள் கழித்து, மிக்ஜாம் புயல் மழை கொட்டிய 2023 டிசம்பர் 4 விடியற்காலையில், பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஒரு முதலை நிதானமாகக் கடந்து புதருக்குள் போவதைக் காரிலிருந்து எடுத்த காணொளி பரவியபோது, பழைய பொய்யை நினைவில் வைத்திருந்த பலர் இதையும் அவ்வகையிலேயே சேர்த்தனர். ஆனால் இது உண்மை. நெடுங்குன்றம், பெருங்களத்தூர் வட்டாரத்து ஏரிகளில் சதுப்பு முதலைகள் வாழ்வது உள்ளூரார் நெடுநாளாக அறிந்ததே. அவை கூச்சமுள்ளவை, மனிதரை நெருங்காதவை, தொல்லை கொடுக்காமல் விட்டால் போதும் என்று சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலர் சுப்ரியா சாகு அன்றே பொதுவெளியில் விளக்கினார். இரண்டும் மழைக்காலம், ஒரே விலங்கு, ஒரே வாட்ஸ்அப். ஒன்று பொய், ஒன்று மெய். காணொளியைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை முறை பார்த்தாலும் இவ்வேறுபாடு அதற்குள் அகப்படாது. அந்த ஏரியில் மீன் பிடிப்பவரையோ, கரையில் மாடு மேய்ப்பவரையோ ஒருமுறை கேட்டால் தீர்ந்திருக்கும்.

கேட்காமல் விட்டதன் மிகக் கொடிய விலை 2018 மே 9 இல் தெரிந்தது. குழந்தை கடத்துவோர் வட்டமிடுகின்றனர் என்ற வாட்ஸ்அப் செய்தி வட மாவட்டங்களைப் பீடித்திருந்த வேளையில், சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில் வழி கேட்பதற்காக நின்று, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊரார் திரண்டு தாக்கியதில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். அதே நாளில் பழவேற்காட்டிலும் ஓர் ஆண் அடித்துக் கொல்லப்பட்டார். அக்காலத்தில் நாடெங்கும் சுற்றிய 'கடத்தல்' காணொளிகளுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட குறும்படம். கடத்திய குழந்தையை நடிகர் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, எழுதிய அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டனர். மூலம் என்பது செய்தியின் தொடக்கத்தில் மட்டும் இருப்பதில்லை, வெட்டப்பட்ட வாலிலும் இருக்கும். இத்தகைய கொலைகளுக்குப் பின்னரே, 2018 ஜூலையில், பிறரிடமிருந்து வந்த செய்தி என்பதைக் காட்டும் குறியை வாட்ஸ்அப் சேர்த்தது. இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடியும் செய்தது. தமிழின் 'ஆம்' விகுதியைத் தெரிந்தோ தெரியாமலோ ஒரு கலிபோர்னிய நிறுவனம் சிறு அம்புக்குறியாக மறுபடி ஒட்டிற்று என்று சொல்லலாம். அம்புக்குறியை எத்தனை பேர் பார்க்கின்றனர் என்பது வேறு.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்க் காணொளிகள் இந்தியில் பரவியபோது, பீகார் அரசு தன் அலுவலர் குழுவையே இங்கு அனுப்பி நேரில் விசாரித்தது. தலைமைச் செயலகத்தில் இருந்தபடி கைப்பேசியில் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஆள் அனுப்பிப் பார்த்தது, ஏரிக்கரைக்கு ஆள் அனுப்பிய பழைய முறையே. அவ்வாண்டின் இறுதியில் தமிழ்நாடு அரசு தகவல் சரிபார்ப்பகம் என்ற பிரிவை அமைத்தது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்ப்பது முறையா என்ற ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1942 ஐயும் 2004 ஐயும் நினைவில் வைத்திருப்போருக்கு அவ்வையம் எளிதில் தீராது.

இதற்கிடையே நீர்த்துறையின் அறிவிப்பு முறையில் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2020 நவம்பர் 25 இல், நிவர் புயலின்போது, செம்பரம்பாக்கத்தின் நீர்மட்டம் 22 அடியை எட்டியதும், நண்பகலில் வினாடிக்கு 1,000 கனஅடி திறக்கப்படும் என்று அன்று காலையிலேயே அறிவித்துவிட்டே மதகைத் திறந்தனர். 2015 க்குப் பின் அம்மதகு திறக்கப்பட்டது அதுவே முதன்முறை. நேரம், அளவு, இடம் ஆகிய மூன்றும் ஒரே அறிவிப்பில் வந்ததால் வதந்திக்கு அன்று வேலை குறைவு.

ஆயினும் மழைக்காலத்தில் நாள்தோறும் செய்தித்தாள்களில் வரும் ஏரி நிலவரத்தைத் திறந்து பார்த்தால் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், தேர்வாய்க்கண்டிகை எனக் குடிநீர் ஏரிகளுக்கே பெயரும் அடியும் கனஅடியும் தனித்தனியே தரப்பட்டிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் 381 ஏரிகளும், செங்கல்பட்டு மாவட்டத்தின் 528 ஏரிகளும், இத்தனை நிரம்பின, இத்தனை முக்கால் பங்கு நிரம்பின என்று வெறும் எண்ணிக்கையாகவே அச்சாகும். முடிச்சூர்க்காரருக்கு வேண்டிய ஆதனூரும் மணிமங்கலமும் அந்த எண்ணிக்கைக்குள் எங்கோ இருக்கின்றன.